டர்பன்டைனை மாத்திரையாக உருட்ட முடியுமா?

பழைய ஸ்காட்லாந்து வைத்தியக் குறிப்பொன்றில் டர்பன்டைனை அதிமதுரப் பொடியோடு பிசைந்து, மாத்திரையாக உருட்டி விழுங்கச் சொல்லியிருக்கிறது. பெயிண்ட் கடை பாட்டிலில் தண்ணீர் போல ஆடுகிற சரக்கை எப்படி உருட்டுவது? ஸ்காட்ஸ் மொழியில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டா? கேள்வி இதுதான்.

வேறு பொருள் உண்டு. ஆனால் அது ஸ்காட்ஸ் மொழிக்கு மட்டும் உரிய பொருள் அல்ல. பழைய மருந்து நூல்களில் வெறுமனே டர்பன்டைன் என்று எழுதினால், மரத்தைக் கீறியதும் வடிகிற ஒட்டுப் பிசின் என்றே அர்த்தம். தேனைப் போலக் குழகுழப்பாக இருக்கும், விரலில் பட்டால் எண்ணெய் போட்டுத் தேய்த்தால்தான் போகும். அந்தப் பிசினை நீரோடு வாலையிலிட்டுக் காய்ச்சினால் ஆவியாகி வடிவது டர்பன்டைன் எண்ணெய், அல்லது டர்பன்டைன் ஸ்பிரிட். வாலையின் அடியில் தங்கி, ஆறியதும் கண்ணாடி போல உடைவது ரோசின். தாய்க்கு இருந்த பெயரை நாளடைவில் பிள்ளை பிடுங்கிக்கொண்டது. இன்று டர்பன்டைன் என்றால் வடித்த எண்ணெய்தான் நினைவுக்கு வருகிறது, அந்தப் பெயருக்கு முதலில் உரிய பிசினை யாரும் கடையில் கேட்பதில்லை.

மாத்திரைக்கு எடுத்தது அந்தப் பிசின். அதிலும் நேரடியாக உருட்டமாட்டார்கள். வெனிஸ் டர்பன்டைன் என்ற லார்ச் மரப் பிசினைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டு, குளிர்ந்தால் நொறுங்கும் பதம் வரும்வரை வைத்திருப்பார்கள். கொதியில் எண்ணெயில் பெரும்பகுதி ஆவியாகப் போய்விடும். மிஞ்சியதை இளஞ்சூட்டில் பொடியோடு பிசைந்தால் அழகாக உருளும். பிசினை நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டுமானால் முட்டையின் மஞ்சள் கருவில் விட்டு நன்றாக அரைப்பார்கள். கரு அந்தப் பிடிவாதக்காரப் பிசினை மடக்கி, பால் போல வெளுப்பாக்கிவிடும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீர் சேர்க்கலாம். எனிமாவுக்கு அப்படித்தான் கலந்தார்கள்.

சொல்லின் ஊற்று கிரேக்கம். டெரெபிந்தோஸ் என்பது பிஸ்தா இனத்து மரம் ஒன்றின் பெயர். கியோஸ் தீவில் அதன் பிசினை எடுத்தார்கள். லத்தீனில் டெரெபிந்தினா, பழைய பிரெஞ்சில் டெரெபெந்தின், அங்கிருந்து பிரிட்டனுக்கு வந்தபோது வாயில் உருண்டு உருண்டு டர்பன்டைன் ஆயிற்று. மூலமரத்துக்கும் பைனுக்கும் உறவே இல்லை. 1611ஆம் ஆண்டின் ஆங்கில பைபிளில், சீராக் நூலில், டர்பன்டைன் மரத்தைப் போல என் கிளைகளை விரித்தேன் என்று ஞானம் பேசுகிறது. ஸ்காட்லாந்தில் அதைப் படித்த எவரும் தன் மலைச்சரிவில் நின்ற ஊசியிலை மரத்தை நினைத்திருந்தால் அது பிழை.

ஸ்காட்ஸ் என்று நான் சொல்வது தாழ்நிலப் பகுதியிலும் வடகிழக்கிலும் பேசுகிற, ஆங்கிலத்துக்கு உடன்பிறப்பான மொழியை. மலைப்பகுதியின் கேலிக் வேறு. கேலிக்கில் பைன் மரத்துக்குக் கியூஸ் என்று பெயர். கிங்யூசி என்ற ஊரின் பெயரிலேயே அது இருக்கிறது: பைன் காட்டின் தலைமாடு என்பது பொருள்.

இனி ஸ்காட்ஸ் பெயர்கள். டர்பன்டைன் அங்கே கடைச்சொல், மருந்துக்காரர் சொல். ஜாடியில் இருந்தது, சீட்டு எழுதி வாங்கியது, கப்பலில் வந்தது. வீட்டிலும் பட்டறையிலும் கைக்கு அன்றாடம் பட்ட பிசினுக்கு ஊர்ச்சொல் வேறு: ரோஸட். ஆங்கிலத்தின் ரோசினுக்கு இது ஒன்றுவிட்ட சகோதரன். பிடில் வில்லில் தேய்ப்பது ரோஸட். செருப்புத் தைக்கிற சூட்டர் தன் சணல்நூலில் இழுத்து ஏற்றுவது ரோஸட், அந்த நூலின் பெயர் ரோஸட்-எண்ட். பிசின் ஊறிய பைன் வேரை அபர்டீன் பக்கம் ரோஸட்டி ரீட்ஸ் என்பார்கள். அடுப்பு மூட்ட அதைப்போல எதுவும் கிடையாது.

பிட்ச் என்று ஆங்கிலம் சொல்லும் கருங்கீலுக்கு ஸ்காட்ஸில் பிக். சர்ச் என்பது கிர்க் ஆகவும், பிர்ச் மரம் பிர்க் ஆகவும் நிற்கிற அதே வடக்கத்தி ஒலி. கண்ணுக்கு எதுவும் தெரியாத கும்மிருட்டுக்குப் பிக்-மர்க் என்று பெயர். ஃபிர் என்ற சொல்லிலும் வழுக்கிவிடக்கூடாது. தாவரவியலில் அது வேறு இனம், பழைய ஸ்காட்ஸ் பேச்சில் அவர்களுடைய சொந்தப் பைன் மரம்தான் ஃபிர்.

இந்த ஃபிர் தந்த விளக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். மெழுகுவர்த்திக்கு வழியில்லாத வீடுகளில் பைன் அடிக்கட்டையின் வயிரத்தையோ, கரிச்சேற்று நிலத்தில் நூற்றாண்டுக் கணக்கில் புதைந்தும் பிசினால் உளுக்காமல் கிடந்த மரத்தையோ வெட்டி எடுத்து உலர்த்துவார்கள். ஃபிர்-கள்ளி என்ற பெரிய கத்தியால் நரம்போட்டத்தின் வழியே மெல்லிய சிம்புகளாகப் பிளப்பார்கள். ஒரு முனையில் தீ வைத்தால் பிசின் கொதித்து உருகி, சடசடவென்று சிறு பந்தமாக எரியும். வெளிச்சம் நன்றாக இருக்கும், ஆனால் புகை அதிகம். சீக்கிரமே தீர்ந்துபோகும் என்பதால் ஒருவர் பக்கத்திலேயே இருந்து பிடித்துக்கொள்ளவும், அடுத்ததை ஏற்றவும் வேண்டும். இரவில் தங்க இடம் கேட்டு வந்த ஏழைக்கு அந்த வேலையைக் கொடுப்பார்களாம். பின்னர் கொல்லர் இரும்பில் கவ்வு செய்து கொடுத்தார். ஆள் போனபிறகும் பெயர் போகவில்லை: அந்தக் கவ்வுத்தண்டுக்குப் பீர்மன், அதாவது ஏழை ஆள், என்ற பெயர் வடகிழக்கு ஸ்காட்லாந்தில் நிலைத்தது. பெயருக்கு அங்கே சொல்லப்படும் காரணம் இது. மியூசியங்களில் இப்போதும் பீர்மன் நிற்கிறான், தாடைபோல ஒரு இடுக்கியோடு.

ரோஸட்டுக்கு இலக்கியச் சாட்சி ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ். 1786இல் அச்சான பேன் கவிதையில், தேவாலயத்தில் தனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் தொப்பியில் ஊரும் பேனைப் பார்த்து, உனக்குப் பாதரசம் கலந்த நாற்ற ரோஸட் பூசவேண்டும், இல்லாவிட்டால் சிவப்புப் பொடி தூவவேண்டும் என்று கறுவுகிறார். இது வெறும் கற்பனைத் திட்டு அல்ல. பாதரசத்தை களிம்பாக்குவது மருந்துக்காரருக்குப் பெரிய வேலை. உலோகம் குண்டு குண்டாக ஓடும், எதோடும் சேராது. அதைப் பிசுபிசுக்கும் டர்பன்டைனில் விட்டு, வெள்ளிப் புள்ளி ஒன்றுகூடக் கண்ணில் படாத வரைக்கும் அரைப்பார்கள். அதன் பிறகு கொழுப்பு. நம் சித்த மருந்தில் பாதரசத்தைக் கட்டுவது பற்றிப் படித்தவர்களுக்கு இந்தப் பிரயாசை புரியும். வேறு முறை, அதே தலைவலி.

சூட்டர் நூலில் ஏற்றுகிற அந்தப் பிசின் மெழுகுக்கு இன்னொரு எதிர்பாராத வாழ்வும் கிடைத்தது. கிளாஸ்கோ பேராசிரியர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, மெதுவாக ஓடும் திடப்பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்று காட்ட செருப்புத் தைப்பவர்களின் மெழுகைத்தான் எடுத்தார். மேலே வைத்த ஈயக்குண்டு நாள்போக்கில் உள்ளே இறங்கும், கீழே வைத்த தக்கை மெல்ல மேலே எழும். 1887இல் மரச்சரிவில் அவர் ஊற்றிய, பனியாறு போல மெல்ல ஊர்ந்து இறங்கும் பிட்ச் கிளாஸ்கோவின் ஹண்டேரியன் மியூசியத்தில் இருக்கிறது.

வைத்தியத்தில் டர்பன்டைன் எங்கும் இருந்தது. எடின்பரோ மருத்துவர் கழகம் 1699இல் தன் மருந்து நூலை முதலில் வெளியிட்டது. பிசின்களை ஊர்ப்பெயரால் பிரித்து எழுதுவது அக்கால வழக்கம்: பிஸ்தா இனத்திலிருந்து கியோஸ், லார்ச் மரத்திலிருந்து வெனிஸ், வெள்ளி ஃபிர்ரிலிருந்து ஸ்ட்ராஸ்பர்க், பைனிலிருந்து சாதாரணம். சாதாரணம் என்றால் விலை குறைவு, குதிரைக்கும் மாட்டுக்கும் போகும்.

ஜார்ஜ் செய்ன் அபர்டீன்ஷரில் பிறந்த மருத்துவர். இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் சயாட்டிகா வலிக்கு அவர் சொன்ன மருந்து, டர்பன்டைன் எண்ணெயை மூன்று பங்கு தேனில் குழைத்து வெறும் வயிற்றில் விழுங்குவது. பல வருட வலியும் போகும் என்று உறுதி கொடுத்தார். போயிற்றோ இல்லையோ, விழுங்கியவருக்கு ஒன்று நிச்சயம் தெரிந்திருக்கும்: சிறுநீர் வயலட் பூ மணக்கும். அந்த மணம் மருந்து உள்ளே இறங்கி வேலை செய்கிறது என்ற நம்பிக்கையை வைத்தியருக்கும் நோயாளிக்கும் கொடுத்தது. அளவு கூடினால் அதே சிறுநீர்ப்பாதை எரிந்து, நீர்க்கடுப்பும் ரத்தமுமாக முடியும். சிறுநீரகத்துக்கு அது விஷம். பழைய குறிப்பைப் படித்துவிட்டு இணையத்தில் இன்றும் சிலர் சர்க்கரையில் டர்பன்டைன் விட்டுச் சாப்பிடச் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

வெளிப்பூச்சாகத் தாக்குப்பிடித்தது ஒற்றடம். ஃபிளானல் துணியைக் கொதிநீரில் முக்கி, துண்டில் சுற்றி இறுக்கிப் பிழிந்து, மேலே சில துளி டர்பன்டைன் எண்ணெய் தெளித்து, நெஞ்சிலோ உப்பிய வயிற்றிலோ போடுவது. தோல் சிவந்ததும் எடுத்துவிடவேண்டும், மறந்தால் கொப்புளம். இருபதாம் நூற்றாண்டின் செவிலியர் பாடங்கள் வரை இது வந்தது.

இறந்தவர்களையும் விடவில்லை. கிளாஸ்கோவுக்கு அருகே கிழக்கு கில்பிரைடில் பிறந்து லண்டனில் புகழ்பெற்ற உடற்கூற்றியலாளர் வில்லியம் ஹண்டர், உடலைப் பதப்படுத்த ரத்தக்குழாய்களில் டர்பன்டைன் எண்ணெயைச் செலுத்தினார். சிவப்பு நிறத்துக்கு வெர்மிலியன் சேர்த்தால் கன்னம் உயிருள்ளதுபோல இருக்கும். 1775இல் லண்டன் பல்வைத்தியர் மார்ட்டின் வான் புட்செல் தன் மனைவி இறந்ததும் ஹண்டரையும் அவருடைய துணைவர் குரூக்ஷாங்கையும் அழைத்து உடலை இப்படிப் பதப்படுத்தி, வீட்டிலேயே பார்வைக்கு வைத்தார். இரண்டாவது மனைவி வந்தபின் முதல் மனைவி மியூசியத்துக்குப் போகவேண்டியதாயிற்று. 1941 குண்டுவீச்சில்தான் அந்த உடல் அழிந்தது.

ஆட்டு மேய்ப்பர்களின் கையில் இருந்தது டர்பன்டைனின் கறுத்த தம்பியான தார், ரோட்டுத் தார் அல்ல, பைன் மரத்திலிருந்து எடுப்பது. இலையுதிர்காலத்தில் ஒவ்வொரு செம்மறியையும் படுக்கவைத்து, கம்பளியை வகிடு வகிடாகப் பிரித்து, தாரும் வெண்ணெயும் குழைத்த கலவையை விரலால் தோலில் இழுப்பார்கள். சொறியும் உண்ணியும் குளிர்மழையும் அண்டாது என்பது எண்ணம். தார் ஏறிய கம்பளிக்கு விலை குறைவு, ஏறாததற்கு வெள்ளைக் கம்பளி என்று தனிப்பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மருந்துத்தொட்டியில் ஆட்டை முக்கும் முறை வந்து இந்த முதுகொடிக்கும் வேலையை ஒழித்தது. மொழியில் தார் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தார் விரல்காரன் என்றால் ஸ்காட்ஸில் கைநீளம் உள்ளவன், தொட்டதெல்லாம் விரலோடு வந்துவிடும். தார்க் காற்சட்டை என்றால் மாலுமி.

இவ்வளவு பைன் காடு வைத்துக்கொண்டு ஏன் டர்பன்டைனைக் கப்பலில் வாங்கினார்கள்? முதன்மையான காரணம் குளிர். பிசின் தாராளமாக ஓட நீண்ட வெயில் காலம் வேண்டும். பிரான்சின் லாந்துப் பகுதியும் அமெரிக்கத் தென்பகுதியும் அதற்கு ஏற்றவை, ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கு அல்ல. வெனிஸ் டர்பன்டைன் தரும் லார்ச் மரத்தை 1738 முதல் டன்கெல்ட் பக்கம் அத்தோல் பிரபுக்கள் நட்டு, ஒரு நூற்றாண்டுக்குள் ஒரு கோடிக்கு மேல் பெருக்கினார்கள். அவர்கள் கண் கப்பல் பலகையின் மேல் இருந்தது, பிசினின் மேல் அல்ல.

காட்டைப் பணமாக்க வந்தவர்கள் இல்லாமல் இல்லை. 1728இல் லண்டனின் யார்க் பில்டிங்ஸ் கம்பெனி அபர்னெத்தி காட்டில் 60,000 மரங்களை 7,000 பவுண்டுக்குக் கிராண்ட் பிரபுவிடம் வாங்கி, ஆட்களையும் குதிரைகளையும் கொண்டுவந்து இறக்கியது. மரத்தை ஆற்றில் தெப்பமாகக் கட்டி இறக்கும் வித்தையை ஊருக்குக் கற்றுக்கொடுத்தது அவர்கள்தான். ஆனால் ஊர் நினைவில் வைத்திருந்தது அவர்களுடைய ஆட்டத்தை. சந்தோஷம் வந்தால் தார்ப்பீப்பாய்களைக் கொளுத்துவார்கள், பிராந்திப் பீப்பாயைத் திறந்து ஊராருக்கு ஊற்றுவார்கள். அப்படி ஒரே இரவில் ஐந்து பேர் குடித்துச் செத்தார்கள் என்று அந்தப் பகுதியின் மதகுரு பிற்காலத்தில் பதிந்திருக்கிறார்.

ஸ்காட்லாந்தியர் டர்பன்டைன் வடித்தது அட்லாண்டிக்கின் மறுகரையில். தார் வியாபாரத்தைக் கையில் வைத்திருந்த ஸ்வீடன் விலையை ஏற்ற, பிரிட்டன் 1705இல் காலனிகளுக்கு ஊக்கத்தொகை அறிவித்தது: தாருக்கும் பிட்சுக்கும் டன்னுக்கு 4 பவுண்டு, ரோசினுக்கும் டர்பன்டைனுக்கும் 3 பவுண்டு. 1739இல் ஆர்கைல் பகுதியிலிருந்து சுமார் 350 மலைநாட்டவர் வட கரோலினாவின் கேப் ஃபியர் ஆற்றங்கரைக்குக் குடியேறினார்கள். பின்னால் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அங்கே நீண்ட இலைப் பைன் காடு கண்ணுக்கெட்டிய தூரம் நின்றது. மரத்தின் அடியில் கோடரியால் குழி வெட்டி, அதற்கு மேல் பட்டையை அவ்வப்போது செதுக்கிவிட்டால் பிசின் வழிந்து குழியில் சேரும். அதை அகப்பையால் மொண்டு பீப்பாயில் அடைத்து வில்மிங்டன் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். ஊரில் கேலிக் பேசிக்கொண்டே இந்தத் தொழிலில் இறங்கியவர்கள் உண்டு. ஆனால் இத்தொழில் பெருத்த பத்தொன்பதாம் நூற்றாண்டில் குழி வெட்டிய கைகளும் பிசின் மொண்ட கைகளும் பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களுடையவை. ஸ்காட்லாந்துக் கடையில் ஜாடிக்குள் இருந்த டர்பன்டைனின் கதையில் இதை விட்டுவிட முடியாது.

என் மனசுக்குப் பிடித்த டர்பன்டைன் கனடா பால்சம். பால்சம் ஃபிர் மரத்தின் தெளிந்த பிசின், கனடா டர்பன்டைன் என்றும் பெயர். 1828இல் எடின்பரோவின் வில்லியம் நிகல் ஒரு கால்சைட் படிகத்தை மூலைவாக்கில் அறுத்து, இரண்டு துண்டையும் இந்தப் பிசினால் மறுபடி ஒட்டினார். கால்சைட்டுக்குள் ஒளி இரண்டாகப் பிரியும். பிசினின் ஒளிவிலகல் எண் இந்த இரண்டு கதிர்களின் எண்களுக்கு நடுவில் விழுவதால், ஒன்று பிசின் படலத்தில் மோதிப் பக்கவாட்டில் தெறித்துப்போகிறது, மற்றது நேராக ஊடுருவுகிறது. கையில் அடங்கும் ஒரு கல்லிலிருந்து தூய முனைவாக்கிய ஒளி, அதாவது ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளி, கிடைத்துவிட்டது. அதற்கு முன்பே, 1815இல், பிரெஞ்சுக்காரர் பியோ டர்பன்டைன் எண்ணெய் அப்படிப்பட்ட ஒளியைச் சுழற்றுவதைக் கண்டிருந்தார். பிரெஞ்சு எண்ணெய் இடப்பக்கமும் அமெரிக்க எண்ணெய் வலப்பக்கமும் சுழற்றும். நிகலின் பட்டகம் வந்தபின் எந்த ஊர்ச் சரக்கு என்று கண்ணாலேயே பார்த்துச் சொல்ல முடிந்தது.

டர்பன்டைன் எண்ணெயின் ஆட்சியைக் குலைத்தவர்களிலும் ஸ்காட்லாந்தியர் உண்டு. ரப்பரைக் கரைக்க முதலில் டர்பன்டைனைத்தான் முயன்றார்கள். 1823இல் கிளாஸ்கோவின் சார்லஸ் மக்கின்டாஷ் நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த நாப்தா என்ற கரைப்பானில் கரைத்து மழைக்கோட்டுத் துணி செய்தார். 1850இல் ஜேம்ஸ் யங் நிலக்கரியிலிருந்து பாரஃபின் எண்ணெய் எடுக்கக் காப்புரிமை பெற்றார், பாத்கேட்டில் ஆலை எழுந்தது. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தென்பகுதித் துறைமுகங்களை அடைக்க, டர்பன்டைனுக்குப் பஞ்சம் வந்து மாற்றுச் சரக்குகளுக்கு நல்ல காலம் பிறந்தது. பெயிண்டர்கள் டர்ப்ஸ் என்று சுருக்கிக் கூப்பிட்ட பெயர் மாற்றுச் சரக்குக்கும் ஒட்டிக்கொண்டது. இன்று டர்ப்ஸ் என்று விற்பதில் எவ்வளவோ பெட்ரோலிய வொயிட் ஸ்பிரிட்தான். பிசின் வாசனையே இருக்காது.

தமிழிலும் பெயர்க்குழப்பம் உண்டு. டர்பன்டைன் எண்ணெயைக் கற்பூரத் தைலம் என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது, கற்பூர மரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாதபோதும். ஆனால் காலம் அந்தப் பிழையைச் சரியாக்கிவிட்டது: இன்று கோயிலில் நாம் ஏற்றும் கற்பூரம் பெரும்பாலும் டர்பன்டைனில் உள்ள பைனீன் என்ற வேதிப்பொருளிலிருந்து ஆலையில் செய்ததுதான்.

குறிப்பை மொழிபெயர்ப்பதானால் என் யோசனை இது. எண்ணெய் அல்லது ஸ்பிரிட் என்ற சொல் கூடவே இருந்தால் மட்டும் டர்பன்டைன் எண்ணெய் என்று எழுதுங்கள். தனியாக டர்பன்டைன் என்று வந்தால் டர்பன்டைன் பிசின் என்பது பொருந்தும். ரோஸட் என்று வந்தால் குங்கிலியம் என்று எழுதக் கை துறுதுறுக்கும், வேண்டாம். நம் குங்கிலியம் வேறு மரத்தின் பிசின், பைன் பிசின் என்றே எழுதலாம். பிக் என்று எங்காவது கண்ணில் பட்டால் யோசிக்கவே வேண்டாம், தோணிக்கு நம்மவர்கள் பூசிய கீல்தான் அது.